மூன்று மடங்குக்கு மேல்

பூனா
12 பிப்ரவரி 1972

அன்புள்ள அக்காவுக்கு உமாபதி எழுதுவது.

நானும் இந்திராணியும் சுகமாக இருக்கிறோம். கலாவதி இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், நாற்காலியும் கூடவே வருகிறது. உன் முழங்கால் வலி எப்படி? பள்ளிக்கூடத்து மாடி வகுப்பை வேறு யாருக்காவது மாற்றித் தரச் சொல் என்றேனே, கேட்டாயா?

ஓர் உதவி வேண்டும். செங்கல்பட்டு ஜில்லா முழுவதற்கும் நாற்பது வருஷத்து மழைப் பதிவேடுகள் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கின்றன. ஐம்பது வருஷத்தில் ஒரு முறையாவது எதிர்பார்க்க வேண்டிய ஒரு நாள் மழை எவ்வளவு என்று ஊருக்கு ஓர் எண் கணக்கிட வேண்டும். அதை வைத்துத்தான் ஏரிகளின் கலங்கலை, அதாவது நிரம்பினால் உபரித் தண்ணீர் வழியும் இடத்தை, எவ்வளவு அகலமாகக் கட்டுவது என்று அங்கே எஞ்சினியர்கள் முடிவு செய்வார்கள். புரோகிராம் எழுதும் வேலை என்னுடையது.

கம்ப்யூட்டர் இருப்பது பம்பாயில். புரோகிராமின் வரிக்கு ஒன்றாகத் துளையிட்ட கார்டுகள், வாரத்துக்கு ஒரு நாள் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுகிறேன். ஒரு கமா தவறினால் ஒரு வாரம் போச்சு. பிழை இருந்தும் மெஷின் ஓடிவிட்டால் இன்னும் மோசம், தப்பான எண்ணை அழகாக அச்சடித்துக் கொடுக்கும். எழுதியவன் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. இங்கே ஒருவன் எழுதியதை இன்னொருவன் படிப்பதில்லை. அடுத்தவன் வீட்டுச் சமையலறைக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் கூச்சப்படுகிறார்கள்.

போன விடுமுறையில், கம்ப்யூட்டர் பாஷை கற்றுத்தரும் என் ஃபோர்ட்ரான் புத்தகத்தை மூன்று நாளில் படித்து முடித்தவள் நீ. ஆறு தாள் அனுப்பியிருக்கிறேன், கூடவே கொஞ்சம் மழைக் கணக்கும். மெஷின்போல் உட்கார்ந்து வரிவரியாக நடந்து பார்.

நம் காஞ்சிபுரத்துப் பதிவேடும் இதில் உண்டு. பதினாறு வருஷம் மழை அளந்து எழுதிய அப்பாவின் கையெழுத்து.

இந்திராணி உனக்கு நமஸ்காரம் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
உமாபதி


சிவமயம்
பிள்ளையார்பாளையம்
4 மார்ச் 1972

சிரஞ்சீவி உமாபதிக்கு அக்காவின் ஆசிகள்.

இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சரியாக இருக்கிறது. மாடி வகுப்பை மாற்றித் தர மாட்டார்களாம். இந்த ஏலவார்குழலி டீச்சர் சத்தம் போட்டால்தான் மாடி அடங்குகிறதாம்.

உன் புரோகிராமைக் கட்டம் போட்ட நோட்டில் கையால் ஓட்டினேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். பதினேழாம் கார்டில் ஒரு பிழை இருக்கிறது. பக்கத்து நிலையம் ஒன்றில் வைகாசி மாதம் கருட சேவையை ஒட்டி மூன்று நாள் கட்டம் காலி. அளக்கிறவர் பெருமாள் பின்னால் போயிருப்பார், பாவம். கார்டிலும் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறார்கள். உன் மெஷின் வெறுமையைப் பூஜ்யம் என்று படிக்கிறது. மழை பெய்யவில்லை என்பது வேறு, யாரும் பார்க்கவில்லை என்பது வேறு இல்லையா? இந்தப் பொய்ப் பூஜ்யங்கள் சராசரியை எல்லாம் கீழே இழுக்கின்றன. காலியான நாளுக்கு 99.99 என்று பஞ்ச் செய்யச் சொல். அந்த எண் வந்தால் தாண்டிப் போகும்படி ஒரு வரி சேர்.

இதை ஏன் இவ்வளவு கவனமாகப் பார்த்தேன் என்றால், உன் எண்ணுக்காக ஓர் ஊரே காத்திருக்கிறது. வெண்ணேரிப்பாக்கத்துத் தர்மன் என்று ஒரு விவசாயி. அவர் மகள் தேவகி என் வகுப்பில் படிக்கிறாள். கலங்கலை அகலப்படுத்தக் கேட்டு மனு எழுதித் தரச் சொல்லி வந்தார். எஞ்சினியர் ஆபீசில் பூனாவிலிருந்து அட்டவணை வரட்டும் என்றார்களாம். ஒன்பது அங்குலத்துக்கு மேல் இருந்தால் கலங்கலை நாற்பதடியிலிருந்து தொண்ணூறாக்குவார்கள், இல்லாவிட்டால் இல்லை. அந்த வேலையைச் செய்பவன் என் தம்பி என்றதும் அவர் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டும்.

“இன்னாமா, உங்க தம்பி மழைய எண்ணிக்கினு கீறாரா? நல்லா எண்ணட்டும். எண்ணி முடிக்கிறதுக்குள்ள ஏரி வந்து எங்களை எண்ணாம இருக்கணும்.”

அப்பாவின் பதிவேட்டைப் பற்றி எழுதியிருந்தாய். சரி.

குழந்தையை நாற்காலியோடு தனியாக விடாதீர்கள்.

அக்கா


பூனா
19 மார்ச் 1972

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். வெயில் ஆரம்பித்துவிட்டது. உன் முழங்காலுக்கு இந்திராணி ஒரு தைலம் அனுப்புகிறாள். நாற்றம் பொறுக்க முடியாது, ஆனால் கேட்கும் என்கிறாள்.

காலிக் கட்டத்தை நீ பிடித்தாய்! இரண்டு மாதமாக அது என் கண்முன்னே இருந்தது. மேலதிகாரியிடம் காட்டினேன். “யார் கண்டுபிடித்தது?” என்றார். அக்கா என்றேன். எந்த அலுவலகத்தில் இருக்கிறார் என்று கேட்டார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் என்றேன். அவர் அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார்.

எல்லாக் கார்டுகளையும் மறுபடி பஞ்ச் செய்தாயிற்று. புரோகிராமின் இரண்டாம் பாகத்தை இப்போது அனுப்புகிறேன். இது சோதனைப் பகுதி. பதிவேடுகளில் கைப்பிழை நிறைய. 1.20 என்பதை 12.0 என்று எழுதிவிடுவார்கள். ஒரு நிலையத்தின் மழை, சுற்றியுள்ள மூன்று நிலையங்களின் சராசரியைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போனால், அது பிழை என்று கொண்டு அந்தச் சராசரியையே அதன் இடத்தில் வைத்துவிடுகிறேன். முப்பத்தெட்டாம் கார்டு. அப்படி மாற்றிய நாட்களின் பட்டியலும் வைத்திருக்கிறேன், மொத்தம் பத்தொன்பது.

ஒவ்வொன்றாகப் பார். ஒன்றையும் விட்டுவிடாதே.

உமாபதி


சிவமயம்
பிள்ளையார்பாளையம்
8 ஏப்ரல் 1972

சிரஞ்சீவி உமாபதிக்கு,

தைலம் வந்தது. நாற்றத்துக்குப் பயந்தாவது வலி ஓடும் என்று நினைக்கிறேன். இந்திராணிக்கு என் அன்பைச் சொல். பங்குனிக் கல்யாண உற்சவக் கூட்டம் இப்போதுதான் குறைந்து தெருவில் நடக்க முடிகிறது.

பத்தொன்பதில் பதினெட்டு நாட்களை நீ மாற்றியது நியாயம். புள்ளி இடம் மாறிய கேஸ்கள்தான். ஒன்று மட்டும் அப்படி இல்லை.

காஞ்சிபுரம், 1943 நவம்பர் 5. பதிவேட்டில் 11.87 அங்குலம். அன்று பக்கத்து மூன்று நிலையங்களிலும் 4.05, 4.02, 2.19. சராசரி 3.42. மூன்று மடங்கு 10.26. ஆகவே உன் முப்பத்தெட்டாம் கார்டு 11.87ஐத் தூக்கிப் போட்டுவிட்டு 3.42 என்று வைத்திருக்கிறது.

அந்தப் பக்கத்து நிலையங்களைத்தான் நம்பக்கூடாது. நீ அனுப்பிய தாள்களில் அந்த முதல் இரண்டு நிலையங்களின் பெரிய மழை நாட்களை எல்லாம் எடுத்து எழுதிப் பார்த்தேன். 4.05, 4.02, 4.07, 4.04. எத்தனை புயல் வந்தாலும் நாலே கால் தாண்டியதே இல்லை. வானம் அப்படிக் கணக்கு வைத்துப் பெய்யாது. மழைமானிக்கு உள்ளே இருக்கும் பாட்டில் அவ்வளவுதான் கொள்ளும். அதற்கு மேல் பெய்தால் வழிந்து வெளி உருளையில் தேங்கும். அதையும் எடுத்து அளக்க வேண்டும். அவர்கள் பாட்டிலை மட்டும் அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

11.87ஐ அப்படியே விட்டு ஓட்டினால் நம் பகுதிக்கு ஐம்பது வருஷ மழை 9.8 வருகிறது. மாற்றிவிட்டால் 6.2. வெண்ணேரிப்பாக்கம் ஒன்பதுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது இந்த ஒரு நாளில் இருக்கிறது.

அந்த எண்ணைத் திரும்ப உள்ளே வை.

அக்கா


பூனா
20 ஏப்ரல் 1972

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சௌக்கியம். கலாவதிக்கு இரண்டு நாள் சளி இருந்து சரியாகிவிட்டது.

உன் கடிதத்தை மொழிபெயர்த்து மேலதிகாரியிடம் கொடுத்தேன். பாட்டில் விஷயம் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. மூலப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் முழுவதும் அப்பாவின் கையெழுத்து, அந்த ஒரு வரி மட்டும் வேறு யாரோ எழுதியது. “அளப்பவர் அன்று இல்லை, பிறகு யாரோ நிரப்பியிருக்கிறார்கள். இதை எப்படி நம்புவது?” என்கிறார். அவர் கேட்பது ஒன்றுதான். அன்று உண்மையில் அளந்தவர் யார் என்று தெரிந்தவர் ஒருவர் எழுதிக் கொடுத்தால், சாட்சியாகக் கோப்பில் வைத்து எண்ணைச் சேர்க்கலாம்.

எனக்கு அப்பா எப்போதும் வீட்டில் இல்லாதவராகத்தான் ஞாபகம். உனக்கு அப்போது பதினேழு வயது. உனக்கு நினைவிருக்கும். அன்று அப்பா ஊரில் இருந்தாரா? இல்லையென்றால் யார் அளந்தது? பாட்டில் எவ்வளவு கொள்ளும் என்று உனக்கு எப்படித் தெரியும்?

ஒரு வரி போதும் அக்கா. ஜூன் முப்பதாம் தேதி அட்டவணை அச்சுக்குப் போகிறது.

உமாபதி


சிவமயம்
பிள்ளையார்பாளையம்
9 ஜூலை 1972

சிரஞ்சீவி உமாபதிக்கு ஆசிகள்.

நீயும் இந்திராணியும் குழந்தையும் நலமா? உன் இரண்டு தபால் கார்டுகளும் தந்தியும் வந்தன. தந்தியைப் பார்த்துத் தெருவே கூடிவிட்டது, யாருக்கு என்ன ஆயிற்று என்று. இனிமேல் தந்தி கொடுக்காதே.

மே மாதம் கண்ணில் கட்டி. பிறகு விடைத்தாள் திருத்தும் வேலை. பிறகு பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. எழுத உட்கார்ந்தேன், பல நாள் உட்கார்ந்தேன். நான்கைந்து தாள் வீணாயிற்று.

நீ கேட்டதற்கு: பதிவேட்டில் இருப்பது சரியான எண். அதை எவர் எழுதியிருந்தால் என்ன? அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. போனவரைப் பற்றிக் கோப்பில் எழுதி வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எண் சரி என்று நான் சொல்கிறேன், அதை மட்டும் உன் மேலதிகாரியிடம் சொல்.

தேவகி கணக்கில் தொண்ணூற்றொன்று வாங்கியிருக்கிறாள். கலாவதிக்கு ஒரு பட்டுப் பாவாடை நெய்யக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா


பூனா
17 ஜூலை 1972

அன்புள்ள அக்கா,

நலம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அட்டவணை ஜூன் முப்பதிலேயே அச்சுக்குப் போய்விட்டது. காஞ்சிபுரம் வட்டாரம்: 6.2 அங்குலம்.

பட்டுப் பாவாடைக்கு இப்போது அவசரமில்லை.

உமாபதி


சிவமயம்
பிள்ளையார்பாளையம்
2 அக்டோபர் 1972

சிரஞ்சீவி உமாபதிக்கு,

இரண்டு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா என்று ஒரு கார்டாவது போடு. நான் இருக்கிறேன்.

போன சனிக்கிழமை எஞ்சினியர் ஆபீசுக்குப் போனேன். தர்மனும் வந்திருந்தார். எஞ்சினியர் டூர் போயிருந்தார். சபாபதி என்ற கிளார்க் உன் அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார்.

“ஆறு புள்ளி ரெண்டு. ஒம்போது இல்ல. கலங்கலை இடிச்சிக் கட்ட ரூல் இடம் கொடுக்காது டீச்சரம்மா.”

“அந்த எண் தப்பாக இருக்கலாம்” என்றேன்.

“தப்பா? மன்சன் போட்ட கணக்குன்னா சண்டை போடலாம்மா. இது மிஷின் போட்டது. பம்பாய்ல ஒரு ரூமு பூரா அடைச்சிக்கினு இருக்குதாம். அதுங்கிட்ட போயி இன்னான்னு கேக்கறது?”

தர்மன் விடவில்லை. “நாப்பத்தி மூணுல தண்ணி எங்க அம்மன் கோயில் படி ஏறிச்சி சார். எங்கப்பன் சொல்லியிருக்காரு.”

“உங்கப்பன் அளந்தாரா?”

“எங்கப்பன் நீஞ்சினாரு.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள், சபாபதியும். பிறகு அவர் என்னைப் பார்த்து, “அன்னிக்கு யாராச்சும் அளந்தவங்க இருந்தா கூட்டினு வாங்க. எழுதி வாங்கி மேல அனுப்பறேன்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

நான் குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்கா


சிவமயம்
பிள்ளையார்பாளையம்
3 டிசம்பர் 1972

உமாபதி,

நான் உயிரோடு இருக்கிறேன். நம் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. பேப்பரில் பார்த்திருப்பாய்.

போன திங்கட்கிழமை பகலும் இரவும் பெய்தது. இங்கே பத்து அங்குலத்துக்கு மேல். செவ்வாய் விடிவதற்குள் வெண்ணேரிப்பாக்கம் ஏரி நிரம்பி, நாற்பதடிக் கலங்கல் போதாமல், தண்ணீர் கரைமேல் ஏறிப் புரண்டு, மேற்குக் கரை நூறடிக்கு அறுத்துக்கொண்டது. கரைக்குக் கீழேதான் தெரு. பதினொரு பேர். அதில் தர்மனின் மனைவி பூவம்மாளும் அவருடைய இரண்டு சின்னப் பிள்ளைகளும். தேவகி அரைப் பரீட்சைக்காக டவுனில் உறவினர் வீட்டில் இருந்தாள்.

புதன்கிழமை போனேன். கூரம் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது, அப்புறம் நடந்தேன். பள்ளிக்கூடக் கட்டிடத்தில் எல்லோரையும் வைத்திருந்தார்கள். தர்மன் என்னைப் பார்த்து எழுந்து நின்றார். வழக்கம்போல் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

“வாம்மா. ஒக்காரு. ஈரமா இருக்குது, இப்டி ஒக்காரு.”

உட்கார்ந்தேன். அவர் சொன்னார்: “தம்பிக்கு எழுதுமா. எண்ணிக்கினு இருந்தாரே, பதினொண்ணுன்னு எழுது. இதுல தப்பு இல்ல. நானே எண்ணிட்டேன்.”

எழுதிவிட்டேன்.

அக்கா


பூனா
15 டிசம்பர் 1972

அக்கா,

நீ பத்திரமாக இருப்பது தெரிந்து இந்திராணி அழுதாள். அவளும் குழந்தையும் நலம். எனக்குத்தான் தூக்கமில்லை.

முப்பத்தெட்டாம் கார்டை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். கை அகலம் கூட இல்லாத அட்டை, இருபது துளை. அதில் இருப்பது என் வரி. வேறு யாரும் எழுதவில்லை. நீ படித்தாய், தப்பு என்றாய், காரணத்தோடு சொன்னாய். சாட்சி கேட்டுக்கொண்டு நின்றவன் நான். உன்மேல் ஒரு குற்றமும் கிடையாது.

அந்தப் பதினொரு பேரையும் கொன்றவன் நான். இதை மேலதிகாரியிடமும் சொன்னேன். உடம்பு சரியில்லை போலிருக்கிறது, லீவு எடு என்றார். ராஜினாமா எழுதி வைத்திருக்கிறேன். பொங்கலுக்குப் பிறகு கொடுத்துவிடுவேன். இனிமேல் எந்த எண்ணையும் தொடும் யோக்கியதை எனக்கு இல்லை.

உமாபதி


சிவமயம்
பிள்ளையார்பாளையம்
6 ஜனவரி 1973

தம்பி,

இதைப் படித்து முடிக்கும்வரை அந்த ராஜினாமாவைக் கொடுக்காதே.

11.87 அளந்தவள் நான்.

அப்பாவுக்கு ஐயம்பேட்டையில் இன்னொரு குடும்பம் இருந்தது. அம்மா இறந்த பிறகு மாதத்தில் பத்து நாளாவது அங்கே தங்கிவிடுவார். போகும்போது மழை அளக்கும் கண்ணாடிக் குவளையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். நான் அளந்து ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வைப்பேன், அவர் வந்து பதிவேட்டில் ஏற்றுவார். அந்த நவம்பர் ஐந்து மட்டும் காகிதம் நனைந்துவிடும் என்று நானே பதிவேட்டில் எழுதினேன்.

உனக்கு ஐந்து வயது. நம் தங்கை அம்சாவுக்கு ஒன்றரை. காலை எட்டு மணிக்கு அவளை உன்னிடம் விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனேன். மழைமானி இருந்த சர்க்கார் பங்களாவுக்குப் பத்து நிமிஷ நடை. போகும்போது தெருவில் கணுக்கால் தண்ணீர்தான். பாட்டில் வழிந்து வெளி உருளையிலும் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை நின்றது. அரை அங்குலக் குவளையால் இருபத்து மூன்று குவளை. இருபத்து நாலாவதில் முப்பத்தேழாம் கோடு, அதாவது 0.37. இந்த எண்ணை யார் நம்புவார்கள் என்று பயம் வந்தது. பொய் எழுதியதாகச் சொல்லி அப்பாவை வேலையிலிருந்து எடுத்துவிட்டால்? அளந்த தண்ணீரைத் தரையில் கொட்டாமல் ஒரு குடத்தில் ஊற்றி வந்திருந்தேன். குடத்திலிருந்து திரும்பவும் முதலிலிருந்து அளந்தேன். ஒரு சொட்டு சிந்தாமல், நிதானமாக. அதே 11.87.

அந்த இரண்டாம் முறைக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

திரும்பி வந்தபோது தெருவில் முழங்கால் வரை தண்ணீர். வீட்டுக்குள் தறிக்குழி, அப்பா காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்வாரே அந்தக் குழி, நிறைந்து தரையோடு தரையாக இருந்தது. நீ தறிப் பலகைமேல் உட்கார்ந்திருந்தாய். அம்சாவைக் குழியிலிருந்து எடுத்தவள் நான்.

காய்ச்சல் என்று ஊருக்குச் சொன்னார் அப்பா. உன்னை அன்றே கூரத்துக்குச் சித்தி வீட்டுக்கு அனுப்பினோம். ஒரு மாதம் கழித்து நீ வந்ததும், “பாப்பா செத்தப்ப நீ கூரத்துல இருந்தே” என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். நீ நம்பினாய். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதுதான் என் வேலை என்று நினைத்து இருபத்தொன்பது வருஷம் ஓட்டிவிட்டேன்.

ஏப்ரலில் நீ கேட்டபோது ‘நான் அளந்தேன்’ என்று எழுதினால் போதும். எழுதினேன். தபாலில் போடவில்லை. அடுத்த கடிதத்தில் நீ கேட்பாய்: ‘அப்போது நானும் பாப்பாவும் யாரிடம் இருந்தோம்?’ என்று. அதற்கு என்ன பதில் எழுதுவது? சபாபதியின் மேசை முன்னால் நின்றபோதும் இதே நினைப்புத்தான். என் பக்கத்தில் தர்மன் நின்றுகொண்டிருந்தார்.

ஆகவே அந்தப் பதினொரு பேருக்கு நீ பொறுப்பில்லை. ஐந்து வயதுப் பையனிடம் குழந்தையை விட்டுப் போனதும் என் தப்பு, உன் தப்பு அல்ல. உன்னிடமிருந்து ஒரு பாரத்தை எடுக்கப் போய் இன்னொன்றைத் தூக்கி வைக்கிறேன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. தேவகி வருகிறாள். இரண்டாவது பெஞ்சு. கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா


பூனா
21 ஜனவரி 1973

அக்கா,

நான் கூரத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும். எப்போதுமே தெரியும்.

நீ குவளையை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாய். “பாப்பாவைப் பாத்துக்கினு இரு, தோ வந்துட்றேன்” என்றாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கதவுக்கு அடியில் தண்ணீர் வந்து குழிக்குள் விழுந்தது. அவள் கை தட்டிச் சிரித்தாள். எனக்கும் அது வேடிக்கையாக இருந்தது. பிறகு பயம் வந்து பலகைமேல் ஏறிக்கொண்டேன். நான் மட்டும் ஏறிக்கொண்டேன். நீங்கள் கூரம் என்று சொன்னபோது, அப்படியே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். உங்களுக்கு அது தேவைப்படுகிறது என்று நினைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. போன வருஷம் ஜனவரியில், புரோகிராம் எழுதுவதற்கு முன்பே, மூலப் பதிவேட்டில் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டேன். தேதியையும் பார்த்தேன். எத்தனை மடங்கு தாண்டினால் பிழை என்று கொள்வது என்பதை என் முடிவுக்கு விட்டிருந்தார்கள். நான்கு வைத்துப் பார்த்தேன், 11.87 உள்ளே நின்றது. மூன்று வைத்தேன், வெளியே போயிற்று. மூன்று என்று பஞ்ச் செய்தேன். அந்தக் காலைப்பொழுது என் அட்டவணையில் இருக்க வேண்டாம் என்று தோன்றியது, வேறு காரணம் எதுவும் கிடையாது.

பிறகு பொறுக்காமல்தான் உனக்கு அனுப்பினேன். நீ கண்டுபிடித்துவிடுவாய், உன் வாயால் வந்துவிட்டால் சேர்த்துவிடலாம் என்று. நீ கண்டுபிடித்தாய். நான் கேட்டேன். நீ பேசாமல் இருந்தாய். மேலதிகாரி கேட்டது ஒரு சாட்சி. அளக்கப் போனவளைக் கண்ணால் பார்த்தவன் தினமும் அவர் அறைக்குப் போய் வந்துகொண்டிருந்தான். அவனும் பேசவில்லை. நீ தபாலில் போடாத கடிதத்தைப்போல் என்னிடமும் ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது.

ராஜினாமாவைக் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டால் இதை எடுத்துக்கொண்டு போக ஆள் இருக்காது. அந்த இரண்டு நிலையங்களைப் பக்கத்தில் வைத்துச் சோதித்த ஊர்கள் இன்னும் பதினாறு. எல்லாவற்றையும் மறுபடி ஓட்ட வேண்டும். அடுத்த ஐப்பசிக்குள் திருத்திய அட்டவணை எஞ்சினியர்கள் கைக்குப் போக வேண்டுமானால், மேலதிகாரியின் கோப்பில் முதலில் சாட்சி வேண்டும்.

இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. எழுதியிருப்பது இவ்வளவுதான்:

‘1943 நவம்பர் 5 காலை காஞ்சிபுரத்தில் மழையை அளந்து பதிவேட்டில் எழுதியவர் கைலாசம் மகள் ஏலவார்குழலி, வயது 17. இரண்டு முறை அளந்தார். அளப்பவரான கைலாசம் அன்று ஊரில் இல்லை. ஏலவார்குழலி அளக்கப் போனபோது வீட்டில் இருந்து பார்த்தவன் தம்பி உமாபதி, வயது 5. அன்று அந்த வீட்டில் அம்சா என்ற குழந்தை மழைத் தண்ணீரில் இறந்தது.’

கடைசி வரி எதற்கு என்று மேலதிகாரி கேட்பார். இருக்கட்டும் என்று சொல்வேன்.

இந்திராணியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீயும் போடு. ஆனால் தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் அந்தத் தாளைத் தர்மனிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டு. முழுவதும் படி. அவர் என்ன சொன்னாலும், சொன்னபடியே எனக்கு எழுது.

உமாபதி